முதல் சிறுகதையை எழுதி முடித்தல்: புதிதாக எழுத வருவோருக்கு ஒரு வழிகாட்டி

எழுத வேண்டும் என்ற ஆசையோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, இதுவரை எத்தனை கதைகளை முடித்திருக்கிறீர்கள் என்பதுதான். பெரும்பாலோரிடம் தொடங்கிய கதைகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். முடித்த கதை ஒன்றுகூட இராது. மூன்று தலைமுறைக் குடும்ப வரலாற்றை நாவலாக்கத் திட்டமிட்டு, பாத்திரப் பட்டியலும் வம்சாவளியும் தயாரித்துக்கொண்டு, மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுபோனவர்கள் அவர்களுள் பலர். அவர்களுக்குத் திறமை இல்லை என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. நடுப்பகுதியில் வரும் தளர்ச்சியை எப்படிக் கடப்பது, முடிவை எங்கே வைப்பது, வேண்டாததை எப்படிக் கழிப்பது ஆகிய மூன்றும் ஒரு கதையையாவது முடித்துப் பார்த்தவருக்கே பிடிபடும். ஆகவே இந்தக் கட்டுரை, சுமார் 1500 சொற்களில் ஒரே ஒரு சிறுகதையை ஒரு மாதத்திற்குள் எழுதி முடித்து, ஓர் இதழுக்கு அனுப்பிவைக்கும் வரையுள்ள வேலைகளை மட்டும் சொல்கிறது. விளக்கத்திற்காக நானே ஒரு சிறு கருவை எடுத்துக்கொண்டு, அதைத் தொடக்கம் முதல் உங்களோடு சேர்ந்து வளர்த்துக் காட்டுகிறேன்.

நேரம்

வேலையையும் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு எழுத முடியுமா என்று கேட்பவர்களுக்குத் தமிழ் எழுத்தாளர்களின் வாழ்க்கையே விடை. தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராகவும் பின்னர் வானொலியிலும் பணியாற்றினார். பூமணி கூட்டுறவுத் துறை அலுவலராக இருந்தவர். இமையம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். நாஞ்சில் நாடன் விற்பனைப் பணியில் ஊர் ஊராக அலைந்தவர். கி. ராஜநாராயணன் கரிசல் காட்டு விவசாயி. முப்பது வயதைத் தாண்டிய பிறகே கதை எழுதத் தொடங்கிய அவர், பட்டம் எதுவும் இல்லாமலே புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராகவும் இருந்தார். எழுத்தை மட்டுமே நம்பி வாழ்ந்தவர்கள் தமிழில் மிகச் சிலரே என்பதால், முழுநேரமும் கிடைத்தால்தான் எழுத முடியும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

நாள்தோறும் நாற்பது நிமிடங்களை ஒரே வேளையில் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். வீட்டுப் பொறுப்பு முழுவதும் தம்மேல் விழுந்திருக்கும் பெண்களுக்கு இந்த நாற்பது நிமிடங்களும் எளிதில் வாய்ப்பதில்லை என்பதை அறிவேன். பேருந்துப் பயணத்திலும், குழந்தையின் நடன வகுப்பு முடியக் காத்திருக்கும் வாசலிலும், கைபேசியில் பத்துப் பத்து வரிகளாகத் தட்டச்சு செய்தே கதையை முடித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு என் ஆலோசனை ஒன்றுதான்: ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும், அடுத்து வரவேண்டிய வரி எது என்பதை ஒரு சொல்லிலாவது குறித்துவிட்டு நிறுத்துங்கள். மறுநாள் கதைக்குள் திரும்ப நுழைவதற்கு அந்த ஒரு சொல் போதும்.

கருவைக் கண்டெடுத்தல்

சட்டைப் பையிலோ கைப்பையிலோ ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் சிந்தனைகளைக் காட்டிலும், கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எழுதுவது பயன்தரும். 'தனிமை கொடியது' என்ற குறிப்பிலிருந்து கதை பிறப்பது அரிது. எனது குறிப்பேட்டில் நெடுநாளாக இருக்கும் ஒரு குறிப்பு இது: 'தையல்கடை. கம்பியில் பாலித்தீன் உறைக்குள் தைத்து முடித்த ஜாக்கெட். ரசீது பழுத்துவிட்டது. மூன்று வருடமாக யாரும் வாங்க வரவில்லையாம். ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்றதற்கு, வருவாங்க என்றார்.'

இது இன்னும் கதையாகவில்லை. ஆனால் இதற்குள் விடை தெரியாத ஒரு கேள்வி இருக்கிறது. மூன்று வருடங்கள் ஒரு ஜாக்கெட்டைக் காத்து வைத்திருக்க அந்தத் தையற்காரருக்கு என்ன காரணம்? இந்த இடத்தில் உங்கள் கற்பனையிடம் மூன்று வினாக்களை வையுங்கள். இவருக்கு என்ன வேண்டும்? அதை அடைய முடியாமல் எது தடுக்கிறது? இந்தக் கதை நேற்றோ நாளையோ நிகழாமல் இன்று நிகழ்வது ஏன்? புதிதாக எழுதுவோர் மூன்றாவது வினாவையே பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் பாத்திரங்கள் பழைய நினைவுகளில் மூழ்கியபடியே பத்துப் பக்கமும் உட்கார்ந்திருக்கும் கதைகள் இத்தனை எழுதப்படுகின்றன.

நான் கண்டுகொண்ட விடைகள் இவை. மூன்று ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கையில் ஒரு பெண்மணி ஜாக்கெட்டை வாங்க வந்தார். வேலை முடியாததால் மாஸ்டர், 'நாளைக்கு வாங்கம்மா' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் பிறகு வரவேயில்லை. அன்று சொன்ன தவணையை நிறைவேற்ற வேண்டும் என்பதே மாஸ்டரின் விருப்பம். இன்று, மற்றொரு தீபாவளிக்கு முந்தைய இரவில், அந்தப் பெண்மணியின் மகள் ரசீதோடு வந்து நின்று, ஜாக்கெட்டைத் தனக்கு ஏற்றபடி மாற்றித் தரும்படி கேட்கிறாள். அப்படி மாற்றுவதற்கு அந்தப் பழைய தையலைப் பிரிக்க வேண்டும். பிரிக்க மனம் வருமா என்பதுதான் கதை. கதையின் பதற்றம் கொலையிலிருந்தோ விபத்திலிருந்தோ வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு தையலைப் பிரிக்கலாமா வேண்டாமா என்பதே போதுமானதாக இருக்கும்.

யாருடைய கண் வழியே

எழுத உட்காருவதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது இது ஒன்றுதான். நமது கதையை மாஸ்டரின் பார்வையில் சொன்னால், அவருடைய குற்றவுணர்வு முதல் பத்தியிலேயே வெளிப்பட்டுவிடும். அதை மறைக்க முயன்றால் வாசகரை ஏமாற்றியதாகிவிடும். மகளின் பார்வையில் சொன்னால், 'நாளைக்கு வாங்கம்மா' என்ற சொற்கள் அவளுக்குத் தெரியவே வழியில்லை. கடையில் காஜா எடுக்கும் பையன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று அந்தப் பெண்மணி திரும்பிப் போனதையும் அவன் பார்த்திருப்பான், இன்று மகள் வந்து நிற்பதையும் பார்க்கிறான். இரண்டையும் பார்த்திருந்தும் பாதிதான் அவனுக்குப் புரிகிறது. மீதிப் பாதியை வாசகர் புரிந்துகொள்கிறார். இந்த இடைவெளி கதைக்கு நல்லது என்பதால் நான் அந்தப் பையனைத் தேர்ந்தெடுப்பேன். உங்கள் கருவுக்கு எது பொருந்தும் என்று தெரியாவிட்டால், மூவரின் பார்வையிலும் ஒவ்வொரு பத்தி எழுதிப் பாருங்கள். எந்தப் பத்தி தானாக நீள்கிறதோ அதைத் தொடருங்கள். தேர்ந்த பின் கதை முடியும்வரை அந்தப் பார்வையை விட்டு விலகாதீர்கள். பையன் அறிய முடியாத எதையும், மாஸ்டரின் மனத்தில் ஓடுவதை உட்பட, எழுதக் கூடாது.

நிலமும் பொழுதும்

கதை நிகழும் இடத்தை எப்படி அமைப்பது என்பதற்கு நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுப் பாடம் ஒன்று உண்டு. தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது: நிலமும் பொழுதும் முதற்பொருள்; அந்த நிலத்துக்குரிய மரம், பறவை, உணவு, தொழில் முதலியவை கருப்பொருள்; மனிதரின் உணர்வொழுக்கம் உரிப்பொருள். இவற்றைத் தனித்தனியே அடுக்காமல், ஒன்றைச் சொல்லும்போதே மற்றொன்றும் விளங்கும்படி செய்ததுதான் சங்கப் புலவர்களின் திறம். உணர்வைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல், அந்த நிலத்தின் பொருள்கள் வழியே அதைக் குறிப்பாக உணர்த்தும் வழக்கத்துக்கு உள்ளுறை, இறைச்சி என்றெல்லாம் பெயரிட்டு இலக்கணமே வகுத்திருக்கிறார்கள். சிறுகதை எழுதுபவருக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் அறியேன்.

தையல்கடையில் இதைச் செய்து பாருங்கள். பொழுது, ஐப்பசி மழை பெய்யும் யாமம். தீபாவளி நெருக்கடியில் விடிய விடிய ஓடும் மிஷின். கருப்பொருள்கள்: மாஸ்டரின் கழுத்தில் தொங்கும் இஞ்சி டேப், சாக்குப்பையில் நிறையும் வெட்டுத்துணி, கம்பி முழுவதும் தொங்கும் தைத்த உருப்படிகள், கொக்கி டப்பா, ஒவ்வொரு வாடிக்கையாளரும் கொடுத்துச் செல்லும் அளவு ஜாக்கெட். இந்தக் கடைசிப் பொருளில் சற்று நில்லுங்கள். தைக்கக் கொடுத்த பெண்மணியின் அளவு ஜாக்கெட்டும் மூன்று ஆண்டுகளாகக் கடையிலேயே இருக்குமல்லவா? அவர் உடுத்திப் பழகி, கக்கத்தில் சாயம் வெளிறி, ஒரு கொக்கி மாற்றித் தைக்கப்பட்ட அந்தப் பழைய ஜாக்கெட்டை மாஸ்டர் மகளிடம் எடுத்துக் கொடுக்கும்போது, துயரம் என்ற சொல்லே கதைக்குத் தேவைப்படாமல் போகிறது. குறிப்பேட்டில் இல்லாத இந்தப் பொருள், தையல்கடை எப்படி இயங்குகிறது என்று யோசித்ததால் மட்டுமே கிடைத்தது. நீங்கள் எழுதும் தொழிலை நேரில் சென்று ஒரு மணி நேரமாவது பார்த்து, அங்குள்ளவர்கள் ஒவ்வொரு பொருளையும் என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வரைவு

முதல் வரைவை இயன்ற அளவு வேகமாக, ஐந்து அல்லது ஆறு நாள்களுக்குள் எழுதிவிடுங்கள். பின்னோக்கிப் படித்துத் திருத்தக் கூடாது. ஒரு விவரம் தெரியவில்லை என்றால், 'இங்கே துணியின் நிறம்' என்று குறித்துவிட்டு மேலே செல்லுங்கள். தேட ஆரம்பித்தால் அன்றைய நாற்பது நிமிடங்களும் அதிலேயே கழிந்துவிடும்.

கதையை நிகழ்ச்சிக்கு மிக அருகில் தொடங்குங்கள். பொழுது புலர்வது, பறவைகள் கூவுவது, நாயகன் கண்விழித்துக் காபி குடிப்பது என்று தொடங்கும் கதைகளில் முதல் பக்கத்தை எடுத்துவிட்டாலும் ஒன்றும் குறைவதில்லை. நமது கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் வரி இது: 'ரசீதில் இருந்த தேதியைப் பார்த்ததும் மாஸ்டர் மிஷினை நிறுத்தினார்.' தேதியில் ஏதோ இருக்கிறது என்பதும், நிற்காத மிஷின் நின்றுவிட்டது என்பதும் ஒரே வரியில் வாசகருக்குக் கிடைத்துவிடுகின்றன.

உரையாடல்

கதைகூறல் எழுத்துத் தமிழிலும் உரையாடல் பேச்சுத் தமிழிலும் அமைவது இன்று பரவலாக உள்ள மரபு. பேச்சுத் தமிழ் எங்கும் ஒன்றே அல்ல என்பதையும், ஊருக்கும் சாதிக்கும் வயதுக்கும் ஏற்ப அது வேறுபடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 'எங்கே போகிறீர்கள்' என்பதை மதுரைப் பக்கம் 'எங்க போறீக' என்பார்கள். யாழ்ப்பாணத்தில் 'எங்க போறியள்' என்பார்கள். திருநெல்வேலி நண்பர்களுக்குள் அது 'எங்கல போற' என்றாகிவிடும். உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு வட்டாரத்தின் பேச்சை எடுத்துக்கொண்டு அதை மட்டும் எழுதுங்கள். வட்டாரச் சொல் இழிந்தது என்ற தயக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி 1982இல் ஓர் அகராதியாகவே வெளியிட்டார் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். அதே வேளையில், ஒலியை அப்படியே பதிவுசெய்யும் முயற்சியில் வாசகர் தடுக்கி விழும்படி எழுத்துகளைச் சிதைக்கவும் வேண்டாம்.

உரையாடலின் உயிர், கேட்ட கேள்விக்கு நேரான விடை வராத இடத்தில் இருக்கிறது. கீழ்க்காணும் வரிகளைப் பாருங்கள்.

"அண்ணே, இந்த ரசீதுக்குத் துணி இருக்குமாண்ணே?"

"இது யாரு குடுத்தது பாப்பா?"

"அம்மா பர்ஸ்ல இருந்துச்சு."

"அம்மா வரலையா?"

"எனக்கு அளவாப் பிடிச்சுக் குடுக்க முடியுமாண்ணே?"

அம்மா இறந்துவிட்டார் என்று அவள் சொல்லவில்லை. மாஸ்டரும் மேற்கொண்டு கேட்கவில்லை. 'எனக்கு அளவா' என்ற சொற்களிலேயே இருவருக்கும் விளங்கிவிட்டது; வாசகருக்கும் விளங்கிவிட்டது. இதன் பின், 'அவளுடைய தாய் இவ்வுலகில் இல்லை என்பதை அறிந்து அவர் அதிர்ந்தார்' என்று ஒரு வரி சேர்த்தீர்கள் என்றால், அதுவரை வாசகர் மேல் வைத்த நம்பிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறீர்கள்.

ஆறப்போட்டுத் திருத்துதல்

வரைவு முடிந்ததும் ஒரு வாரம் அதைத் தொடாதீர்கள். பிறகு வாய்விட்டு உரக்க வாசியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியமும், ஒரே பத்தியில் நான்கு முறை வந்துவிட்ட சொல்லும், எந்த மனிதரும் பேசாத உரையாடலும் காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

திருத்தும்போது முதலில் தேட வேண்டியவை, உணர்வை விளக்கும் வாக்கியங்கள். 'மாஸ்டரின் இதயம் சொல்லொணாத் துயரத்தில் ஆழ்ந்தது. கடந்தகாலம் அவர் கண்முன் நிழலாடியது' என்று முதல் வரைவில் எழுதியிருந்தால், அதை அடித்துவிட்டு அவருடைய கை என்ன செய்தது என்று எழுதுங்கள்: 'மாஸ்டர் பாதி பிளேடை எடுத்துத் தோள் தையலின்மேல் வைத்தார். வைத்தபடியே இருந்தார். பிறகு என்னிடம், டீ வாங்கிட்டு வாடா என்றார்.' அடுத்ததாக, கடைசிப் பத்தியை மறைத்துக்கொண்டு கதையை வாசித்துப் பாருங்கள். பத்தில் ஏழு முதல் கதைகள் அதற்கு முந்தைய பத்தியிலேயே முடிந்துவிடுகின்றன என்பது, பிறருடைய கையெழுத்துப் படிகளை வாசித்து நான் உணர்ந்தது. என் முதல் கதையை வாசித்த மூத்த நண்பர் ஒருவர், முதல் ஒன்றரைப் பக்கத்தையும் இறுதிப் பத்தியையும் பென்சிலால் குறுக்காகக் கோடிட்டுவிட்டு, மற்றதில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் திருப்பித் தந்தார். அன்று வருத்தமாக இருந்தது. இன்று அந்தக் கதையில் எனக்குப் பிடித்திருப்பது அவர் விட்டுவைத்த பகுதி மட்டுமே.

ஒற்றுப்பிழைகளைச் சிறியவை என்று ஒதுக்காதீர்கள். 'வேலை கொடுத்தான்' என்றால் பணி கொடுத்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் வேல் என்ற ஆயுதத்தைக் கொடுத்தான். ர, ற வேறுபாட்டிலும் ல, ள, ழ வேறுபாட்டிலும் ஐயம் எழுந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பாருங்கள். இதழ் அலுவலகத்தில் திருத்திக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டால், முதல் பக்கத்தில் பத்துப் பிழைகளைக் கண்ட ஆசிரியர் இரண்டாம் பக்கத்துக்குப் போகாமலே இருந்துவிடலாம்.

பிறகு, நம்பகமான ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். 'நன்றாக இருக்கிறதா' என்று கேட்டால், உங்கள்மேல் உள்ள அன்பினால் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். எந்த இடத்தில் சலிப்புத் தட்டியது, எந்த இடத்தில் யார் பேசுகிறார் என்று குழம்பியது என்று கேளுங்கள்.

அனுப்புதல்

கதையை ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருவில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருக்களில் செய்தால் அடுத்தவர் கணினியில் அது வெறும் குறிகளாகத் தெரியக்கூடும். தொடர்ந்து எழுதும் எண்ணம் இருந்தால், தமிழக அரசு 1999இல் ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்வது நல்லது. பத்து நாள் தடுமாற்றத்துக்குப் பின் விரல்கள் வேகம் பிடித்துவிடும்.

அனுப்ப நினைக்கும் இதழின் அண்மைய நான்கைந்து பிரதிகளை முதலில் வாசியுங்கள். வார இதழ் விரும்பும் கதையும் சிற்றிதழ் விரும்பும் கதையும் நீளத்திலும் தொனியிலும் வேறானவை; இதழ் தரும் விதிமுறை எதுவோ அதை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றுங்கள். உடன் அனுப்பும் கடிதம் நான்கு வரிகளைத் தாண்ட வேண்டாம். கதை உங்கள் சொந்தக் கற்பனை, தழுவலோ மொழிபெயர்ப்போ அன்று, வேறெங்கும் வெளியாகவில்லை, வேறு இதழின் பரிசீலனையிலும் இல்லை என்ற உறுதிமொழி அதில் இருக்கட்டும். கதை எதைப் பற்றியது என்று விளக்காதீர்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது முறையாகாது. பதிப்புரிமை குறித்து அஞ்சவும் வேண்டாம்: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய கணத்திலிருந்தே அது உங்களுடையது; பதிவு செய்யாவிட்டாலும் உங்கள் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் செல்லும். கதையை வெளியிட உங்களிடம் பணம் கேட்பவர்களிடமிருந்து மட்டும் விலகி இருங்கள்.

எந்தத் தேதியில் எந்தக் கதையை எங்கே அனுப்பினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். பெரும்பாலும் மறுப்பு கடிதமாக வராது, மௌனமாகவே வரும். இதழ் தன் விதிமுறையில் சொல்லியிருக்கும் காலம் கடந்ததும், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் மூன்று மாதம் ஆனதும், ஒரு வரியில் விசாரித்துவிட்டு, கதையை மறுபடி ஒருமுறை வாசித்து அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். மறுக்கப்பட்ட கதை தரமற்ற கதை என்று பொருளில்லை; அந்த மாதப் பக்கங்கள் நிறைந்துவிட்டிருக்கலாம், தையல்கடைக் கதை ஒன்று ஏற்கெனவே அச்சில் இருக்கலாம்.

காத்திருக்கும் நாள்களில்

வாசியுங்கள். காசு செலவழிக்க இயலாதவர்களுக்கும் இன்று தமிழில் தடையில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும், 1998 முதல் இயங்கிவரும் மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பிலும் பழைய நூல்கள் ஏராளமாக உள்ளன. ஈழத்து இதழ்களும் தொகுப்புகளும் 'நூலகம்' என்ற இணையதளத்தில் கிடைக்கின்றன. உங்களைப் பாதித்த ஒரு சிறுகதையை எடுத்து, முழுவதையும் கையால் படியெடுத்துப் பாருங்கள். கண் தாண்டிச் சென்றுவிடும் இடங்களில் கை நின்று நிதானிக்கும். பத்தி எங்கே முறிகிறது, பாத்திரத்தின் பெயர் எத்தனை வரிக்குப் பின் வருகிறது என்பவை அப்போதுதான் புலப்படும். எத்தனை எழுதினோம் என்ற கணக்கை நினைத்துச் சோர்ந்துவிடாதீர்கள்: சிறுகதை எழுத்தாளர் மௌனி தம் வாழ்நாள் முழுவதிலும் எழுதிய கதைகள் ஏறத்தாழ இரண்டு டசன்தான், அவற்றை இன்றும் வாசிக்கிறோம்.

வாசிப்புக்கு நடுவிலேயே இரண்டாம் கதையைத் தொடங்கிவிடுங்கள். கரு கிடைக்கவில்லை என்றால், முதல் கதையில் நீங்கள் தேர்ந்தெடுக்காமல் விட்ட பார்வைகளுக்குத் திரும்பிச் செல்லலாம். நமது தையல்கடையில், தோள் பிரித்து மாற்றித் தைத்த ஜாக்கெட்டையும் சாயம் வெளிறிய அளவு ஜாக்கெட்டையும் ஒரே பையில் வாங்கிக்கொண்டு அந்தப் பெண் மழையில் வீட்டுக்கு நடக்கிறாள். அவள் வீட்டில் என்ன நடந்தது என்பதை இன்னும் யாரும் எழுதவில்லை.